பெயர் ஒட்டாத நீல மருந்து: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். டெல்டாவில் கலர் மீன் வளர்க்கிற வீடுகளில் வெள்ளைப் புள்ளி நோய் தலைகாட்டும் காலம் அது. இரவில் தொட்டித் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும், காற்று மழை என்றால் கரண்ட்டும் போய்விடும். அந்தப் பதற்றத்தில் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. எங்கள் வீட்டில் நோயைவிட, வைத்தியம் பார்க்க வந்த சர்வீஸ்தான் அதிக மீன்களைக் கொன்றது.

கும்பகோணத்தில் எங்களிடம் இருப்பது 3 அடித் தொட்டி, சுமார் 190 லிட்டர். மோலி, க்ளவுன் லோச், கூடவே ஏஞ்சல். ஊரில் ஒரு கடையில் புதிதாக வாங்கிய ஏஞ்சல் ஜோடியில் ஒன்றின் வாலில், உப்பைத் தூவினாற்போல் புள்ளிகள் வந்தன. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு கல்லில் போய்ப் போய் உரசியது. அதே கடைக்குப் போன் செய்தேன். "வீட்டுக்கே ஆள் அனுப்புறேன் சார், ஒரே நாள்ல சரியாயிடும்" என்றார்.

ஆள் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மாதான் பக்கத்தில் நின்றிருக்கிறார். தொட்டி எத்தனை லிட்டர் என்றுகூட அந்தப் பையன் கேட்கவில்லை. முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினான். "எல்லாத்தையும் கொட்டணுமா தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "கிருமியெல்லாம் தண்ணியிலதானம்மா இருக்கு" என்று பதில். பில்டரைப் பிரித்து, ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் வாசல் குழாயில் பிழிந்து பிழிந்து பளிச்சென்று கழுவியிருக்கிறான். பிறகு மோட்டாரைப் போட்டு நேராகப் போர் தண்ணீர். லேபிளே இல்லாத பாட்டிலிலிருந்து நீல மருந்து மூடி மூடியாக. மேலே ஒரு சிட்டிகை மஞ்சள் நிறப் பொடி, அது ஆன்டிபயாடிக்காம். சர்வீஸ் 800 ரூபாய், மருந்து 350.

மறுநாள் பார்த்தால் தண்ணீரின் நீலம் வெளிறிக் கிடந்தது. பில்டருக்குள் கரிப் பையைத் திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! கரி மருந்தை உறிஞ்சிவிடும். மருந்து போடும்போது முதலில் எடுக்க வேண்டியதே அதைத்தான். புள்ளிகள் அப்படியே இருந்தன. லோச்சுகள் முதலில் போயின. மாலைக்குள் ஏஞ்சல்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, செவுள் கன்றிச் சிவந்திருந்தது. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். துளியும் இருக்கக் கூடாத இடத்தில் கரும்பச்சை, அதாவது அம்மோனியா எக்கச்சக்கம்.

நடந்தது இதுதான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அவை செத்துவிடும், திரும்ப வளர 4 முதல் 6 வாரம்கூட ஆகும். ஆன்டிபயாடிக் மிச்சம் மீதியையும் காலி செய்யும். இத்தனைக்கும் வெள்ளைப் புள்ளி நோய் பாக்டீரியாவால் வருவதே இல்லை, அது ஒரு ஒட்டுண்ணி. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் காரத்தன்மை கூடியது. அப்படிப்பட்ட தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும்.

'ஒரே நாளில் குணம்' என்பது முழுப் பொய். புள்ளியாகத் தெரிவது மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணி, அங்கே தொட்டி மருந்து பெரும்பாலும் எட்டாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, வேறு மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்தில் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் வைத்தியம் தொடர வேண்டும்.

கடையில் போய்க் கேட்டேன். "உங்க தண்ணி சரியில்ல சார். புது ஜோடி பாதி விலைக்குத் தர்றேன், எடுத்துட்டுப் போங்க." அவர் காட்டிய தொட்டியில் இருந்த ஏஞ்சல்களின் வாலிலும் அதே புள்ளி. நோயுள்ள மீனை விற்று, அதற்கு மருந்து விற்று, செத்தபின் மறுபடி மீன் விற்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

மிஞ்சியவற்றைக் காப்பாற்றியது நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவுக்காரப் பெண் சொன்ன வழி. தினமும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினோம், அதையும் ஒரு நாள் முன்பே பிடித்து வைத்து, காற்று ஓடவிட்டு. ஹீட்டரை மெல்ல மெல்ல ஏற்றி 29 டிகிரியில் நிறுத்தினோம். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும், ஆனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் ராத்திரியிலும் ஓட வேண்டும். வேதாரண்யம் கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம் கணக்கில், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். மோலிக்கு உப்பு பிடிக்கும். லோச் வைத்திருப்பவர்கள் உப்பிலும் மருந்திலும் கையை அடக்க வேண்டும், அவற்றின் தோல் தாங்காது. மருந்து வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புது மீனை 2 வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடை கொடுத்த துண்டுச் சீட்டில் கடைப் பெயரே இல்லை. நல்லவேளையாகப் பணம் போனில் போனது, அந்தப் பதிவைக் கொடுத்திருக்கிறேன். சர்வீஸுக்கு ஆள் வந்தால் ரொக்கம் கொடுக்காதீர்கள், கடைப் பெயர் போட்ட பில் வாங்காமல் அனுப்பவும் செய்யாதீர்கள்.