கொஹுவலையில் ஒரு பேர்ச் வாடகைத் தோட்டம்: எடுக்கலாமா?

வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருந்துகொண்டு கத்தரிக்காய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஹுவலைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள், வீடு கட்டாமல் கிடந்த காணியைத் துண்டுகளாகப் பிரித்து மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது, ஆள் சொல்லி ஆள் போவதுதான். நானும் ஒரு பேர்ச் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: எடுக்கலாம். ஆனால் எந்த மாதம், எந்தத் துண்டு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு பேர்ச் என்றால் 272 சதுர அடி. கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். குந்தியிருந்து கோரைப்புல் பிடுங்கத் தொடங்கினால் முடிவே தெரியாது. லண்டன் ஹரோவில் இருக்கும் என் அக்காவும் கவுன்சில் காணியில் தோட்டம் செய்கிறாள். அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; மக்கள் கேட்டால் உள்ளூராட்சி மன்றம் தோட்டத்துக்கு நிலம் ஒதுக்க வேண்டும். ஒரு முழுத் துண்டின் பழைய வழக்கமான அளவு 10 பேர்ச், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பரப்பு. வாடகையும் பெரிதாக இல்லை. ஆனால் பல இடங்களில் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். "பத்தில ஒண்டுதானாடி உனக்கு?" என்று அக்கா போனில் சிரித்தாள். கொழும்பில் ஒரு பேர்ச் என்ன விலைக்குப் போகிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தக் காணியில் முதலில் மாடிவீடு கட்டுவதாக இருந்ததாம். 2022இல் சீமெந்து, கம்பி விலை ஏறியதும் வேலை நின்றது. அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து "வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்" என்று சொன்ன காலம் அது. சொந்தக்காரர் அதைப் பார்த்துத்தான் காணியைப் பிரித்திருக்கிறார். கெட்டிக்காரர்.

மாதம் 4,000 ரூபா. அதற்குள் கபுக்கல் என்கிற செம்பூராங்கல் அடுக்கி உயர்த்திய பாத்திகள், கிணற்றுத் தண்ணீர், மண்வெட்டி, முள்ளுவாரி, ஒரு காவல்காரர் எல்லாம் அடக்கம். காவல்காரர் ஹற்றன் பக்கத்து ஆள். எல்லோருக்கும் அவர் அண்ணன், அவருக்கு நாங்கள் எல்லோரும் மிஸ், சேர். மண்ணுக்கு என்று பார்த்தால் 4,000 கூடுதல்தான். தண்ணீருக்கும் இந்த அண்ணனுக்கும் என்று பார்த்தால் மலிவு. நான் வேலையில் மாட்டிக்கொண்டு போக முடியாத கிழமைகளில் என் பயிற்றங்கொடி காயாமல் நின்றது அவரால்தான். கறிமிளகாய் களவு போனதும் இல்லை. காவல் இல்லாத வெறும் வளவுகளில் தோட்டம் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

மண்ணைப் பற்றி நல்லதும் கெட்டதும் உண்டு. இது வெளியிலிருந்து மண் போட்டு நிரப்பின காணி. அரையடிக்குக் கீழே கிறவலும் உடைந்த ஓடும் வரும். மேலே போட்டிருக்கும் மண் பரவாயில்லை, மாட்டெருவும் தும்புச்சோறும் கலந்தது. ஆனால் கொழும்பு மண் புளிப்பு மண். டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிட்டு, கொஞ்ச நாள் விட்டுத்தான் நட வேண்டும். இதை அவர்களே செய்து கொடுத்திருக்கலாம். கேட்டால் "நீங்கள் வாங்கி வந்தால் அண்ணன் போட்டுவிடுவார்" என்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். வாளியின் உட்புறம் முழுக்கக் காவி படிகிறது, கீரை இலையில் மண்ணிறப் புள்ளி விழுகிறது. அதனால் தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுகிறேன்.

அப்புறம் மழை. யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் அப்பா வெங்காயம் வைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தண்ணீர் இறைப்பதுதான் தோட்ட வேலை. இங்கே தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கொழும்பில் பெய்கிறது. மே மாதம் ஒரு முறை ஊற்றும், ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை. காணியின் பின்பக்கத்துத் துண்டுகளில் வாய்க்கால் சரியில்லை, மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்கும். அங்கே ஒருவர் ஆசையாக வைத்த 'திருநெல்வேலி ஊதா' கத்தரி, காய் பிடிக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வாடியது. காலையில் பச்சையாக நிற்கும், மத்தியானம் தலை தொங்கும், இலை மஞ்சளாகக்கூட மாறாது. தண்டைக் குறுக்கே வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் பால்போல ஒரு நூல் இறங்கியது. பக்ரீரியா வாடல் நோய். மருந்து இல்லை, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். சுண்டங்காய்க் கன்றில் ஒட்டின கத்தரி இதற்குத் தாங்கும். இப்போது அவர் அதைத்தான் வைத்திருக்கிறார்.

மிளகாயில் நான் வைத்தது 'எம்.ஐ. 2', மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்து இனம். காய்த்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வெயில் காலத்தில் இலை சுருண்டுகொள்கிறது. பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும். பாகற்காயை ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்ட வேண்டும். பயிற்றங்காய், வெண்டிக்காய், கங்குன் கீரை மூன்றும் தொல்லை தராதவை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம். தக்காளியை மழைக்காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

நத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். ஆபிரிக்க நத்தை, உள்ளங்கையளவு. பகலில் கபுக்கல் இடுக்கில் ஒளிந்திருக்கும், மழை பெய்த இரவில் இறங்கும், விடியும்போது நாற்று இருந்த இடத்தில் குச்சி நிற்கும். இருட்டியதும் டோர்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் வழி. வெறுங்கையால் தொடாதீர்கள், அது நோய்க்கிருமியைக் காவித் திரியும். பக்கத்துத் துண்டில் பொன்னாங்காணி போட்டிருக்கும் சிங்கள ஆன்ட்டி, நத்தை பொறுக்குவதில் எங்கள் எல்லோரையும் வென்றுவிடுவார். "மகள், கையுறை எங்கே?" என்று என்னை ஏசியபடியே என் பாத்தியிலும் பொறுக்கித் தருவார்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது இரண்டு. தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு மூடி இல்லை. டெங்குக் காலத்தில் இது விளையாட்டில்லை. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அண்ணன் தன் பாட்டில் பழைய நுளம்புவலையை வெட்டிக் கட்டிவைத்திருக்கிறார். வாடகை வாங்குகிறவர் அல்லவா மூடி வாங்க வேண்டும்? மற்றது ஒப்பந்தம். எழுத்தில் ஒன்றும் இல்லை, மாதத்துக்கு மாதம்தான். நாளைக்கே கட்டட வேலை தொடங்கினால் நாங்கள் எழும்ப வேண்டியதுதான். முருங்கை, தேசி, கறிவேப்பிலை நட விடமாட்டார்கள். வேர் பிடித்தால் ஆளும் வேர் பிடிப்பார் என்ற பயமாக இருக்கும்.

செலவுக்குக் கட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாது. வாடகை, ஓட்டோ, எரு எல்லாம் சேர்த்தால் வெள்ளவத்தைச் சந்தையில் அதைவிட மலிவாக மரக்கறி வாங்கலாம். ஆனால் ஒடித்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, தேங்காய்ப்பூ போட்டு வறுக்கிற பிஞ்சுப் பயிற்றங்காய் எந்தச் சந்தையிலும் கிடையாது. அதற்குக் கொடுக்கிற காசு என்று வைத்துக்கொண்டேன்.

எடுப்பதென்றால் ஜனவரியில் எடுங்கள். மழை அடங்கியிருக்கும், மே மாதத்துக்கு முன் ஒரு போகம் முழுதாகக் கிடைக்கும். முதலில் அரைப் பேர்ச் போதும், அதையும் கொடுக்கிறார்கள். இப்போது காலியாக இருப்பது பின்மூலைத் துண்டு, காணித் தண்ணீரெல்லாம் வடிந்து நிற்கிற இடம். சொந்தக்காரர் வாடகையில் 500 குறைத்துத் தருகிறேன் என்பார், எடுத்துவிடாதீர்கள். கிணற்றுப் பக்கத்தில் ஒரு குடும்பம் கனடா போகிறார்களாம். அண்ணனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.