எம்ஜிபியின் முன்சக்கரங்களும் ஒரு டோ அளவுகோலும்

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பகுதியில், கூடுதல் உதிரிபாகம் எதுவும் பொருத்தாமல் நாம் மாற்றக்கூடிய கோணம் டோ-இன் ஒன்றுதான், அதாவது இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையிலானதைவிடக் குறைந்திருக்கும் அளவு. கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து பக்கவாட்டில் சாயும் கோணம்) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) தொழிற்சாலையில் அமைந்தபடியே இருக்க வேண்டியவை. ஆகவே டோ அளவுகோல், டிஜிட்டல் கேம்பர் மானி, சக்கரத்தை வைத்துத் திருப்பும் இரண்டு சுழல்தட்டுகள் ஆகியவை அடங்கிய ஓர் அலைன்மென்ட் தொகுப்பை வாங்கியபோது, முதலில் சொன்ன கருவியைத்தான் அதிகம் எதிர்பார்த்தேன். ஓராண்டாகப் பயன்படுத்திய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது, அது சிறிய குறையும் அல்ல.

இந்தக் காருக்கு உரிய டோ-இன் அங்குலத்தில் 1/16 முதல் 3/32 வரை, அதாவது ஏறத்தாழ 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை. அனுமதிக்கப்பட்ட இடைவெளி மொத்தமே 0.8 மில்லிமீட்டர் என்பதால், அளவுகோலின் ஒவ்வோர் அசைவும் கணக்கில் வந்துவிடுகிறது. தொகுப்பில் உள்ள கோல், ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. அதன் முனைகளில் நிற்கும் செங்குத்துக் கம்பிகள் இரு டயர்களின் உட்புறத்தையும் தொடுகின்றன. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கோலைச் செலுத்தினால் சக்கரங்களின் பின்விளிம்புகளையும் அளக்கலாம். அரை மில்லிமீட்டர் வரை தெளிவாகப் படிக்க முடிகிறது. குழாய் வளைவதில்லை.

குறை, அந்தச் செங்குத்துக் கம்பிகளின் உயரத்தை நிறுத்தும் திருகாணியில் இருக்கிறது. விரலால் இறுக்கினால் அது சிறிது சிறிதாக நழுவுகிறது. சக்கரத்துக்கு 1 பாகை கேம்பர் இருக்கும்போது, முன்விளிம்பை ஓர் உயரத்திலும் பின்விளிம்பை 1 சென்டிமீட்டர் குறைவான உயரத்திலும் அளந்துவிட்டால், ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் வீதம் இரண்டுக்குமாக 0.35 மில்லிமீட்டர் பிழை நுழைகிறது. இருக்கும் இடைவெளியில் கிட்டத்தட்ட பாதியை இதுவே விழுங்கிவிடும். முதல் மூன்று முறை அளந்தபோது மூன்று வேறு விடைகள் கிடைத்தன. ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டான டை ராடைத்தான் நான் சந்தேகித்தேன். பிறகு அந்தத் திருகாணியை நீக்கி, ஸ்பானரால் இறுக்கும் போல்ட் ஒன்றைப் பொருத்தியதும் விடைகள் ஒன்றுபோல் வரத் தொடங்கின. வாங்கிய அன்றே செய்துவிட வேண்டிய வேலை இது.

உடன் வந்த கையேடு, டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நின்ற இடத்திலேயே அளக்கச் சொல்கிறது. கம்பிச் சக்கரம் உள்ள கார்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் அவற்றின் ரிம் முழு வட்டத்திலும் ஒரே தளத்தில் ஓடுவது அரிது. டயரில் ஒரு சாக்பீஸ் குறியிட்டு, அதை முன்புறம் வைத்து அளந்து, காரை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னோக்கி உருட்டி, அதே குறி பின்புறம் வந்ததும் மறுபடி அளந்தால் ரிம்மின் கோணல் விடையில் சேராது. பின்னோக்கி உருட்டினால் சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் எதிர்ப்பக்கம் அழுந்தி அளவைக் கெடுக்கும்.

கேம்பர் மானி பத்தில் ஒரு பாகை வரை காட்டுவதாகப் பெருமைப்படுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே தரை 5 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமாக இருந்தாலே கால் பாகை அளவுக்குப் பிழை வந்துவிடும் என்பதால், தரையின் சரிவை முதலில் மானியில் பூஜ்யமாக்காமல் அந்தத் துல்லியத்துக்குப் பொருளில்லை. அதன் காந்தமோ கம்பிச் சக்கரத்தின் நடுவில் ஒட்ட இடமில்லை. ரிம்மின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து அதன் மேல்தான் மானியை நிறுத்த வேண்டியிருந்தது. எனினும் அது ஒரு நன்மை செய்தது. இடப்பக்கக் கேம்பர் வலப்பக்கத்தைவிட முக்கால் பாகை குறைந்திருப்பதைக் காட்டியது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் தெரிந்தது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்ன பிறகும் அது நிற்கவில்லை. ஆகவே வீல் பேரிங் அல்ல, சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சுத்தண்டான கிங்பின்தான் தேய்ந்திருந்தது. அதைப் புதுப்பிக்கும் முன் டோவைத் திருத்தியிருந்தால் அத்தனையும் வீண் உழைப்பு.

திருத்தும் வேலை எளிது: லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமலிருக்க அதன் கிளிப்பையும் தளர்த்தி, இரு டை ராடுகளையும் சம அளவு திருப்ப வேண்டும். ஒருபக்கம் மட்டும் திருப்பினால் டோ சரியாகும், ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நிற்கும்.

சுழல்தட்டுகளைப் பொறுத்தவரை, இடையில் கிரீஸ் தடவிய இரண்டு வழவழப்பான தரை ஓடுகள் அதே வேலையை அதே அளவு நன்றாகச் செய்கின்றன. கோலைத் தனியாக விற்பவர் இருந்தால், அதை மட்டும் வாங்குங்கள். போல்ட்டை மறக்க வேண்டாம்.