கிடுகா, பனையோலையா, மட்டையா: அடுத்த வளவோடு சேர்ந்து அடைக்கும் வேலி

யாழ்ப்பாணத்து வேலியை ஒருவர் தனியாக அடைக்க முடியாது. குத்தூசியில் கயிற்றைக் கோத்து இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் குத்த, அந்தப் பக்கம் நிற்பவர் அதை வாங்கி வரிச்சை, அதாவது வேலியின் குறுக்கே வைத்துக் கட்டும் தடியை, சுற்றித் திருப்பிக் குத்த வேண்டும். அந்தப் பக்கம் என்பது அடுத்த வீட்டு வளவு, அதாவது அவர்களின் வீட்டுக் காணி. ஆகவே எந்த வேலி என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிடுகு வேலி பார்க்க அழகு. தென்னோலையை நடுவால் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னுவதால் நெருக்கமாக இருக்கும், மறைப்பும் நல்லது. ஆனால் ஒரு மாரியிலேயே அடிப்பகுதி உக்கத் தொடங்கும், பிறகு கறையான் ஏறும். 2 வருடத்துக்குள் திரும்ப அடைக்க இரு வீட்டிலும் ஆளும் காசும் இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பனையோலை கூடுதல் நாள் நிற்கும். ஓலையை மிதித்து அடுக்கி, பாரம் வைத்துத் தட்டையாக்கிய பிறகே கட்ட வேண்டும். காற்றுக்கு இரவெல்லாம் சலசலக்கும், எனக்கு அது பிடிக்கும். கழற்றும் பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளை. கிணற்றடிப் பக்கத்துக்கு இதைவிட நல்ல மறைப்பு இல்லை.

பனை மட்டையால் கட்டும் மட்டை வேலிதான் மூன்றிலும் உறுதி. ஆடு, நாய் நுழையாது, காற்றும் தடைப்படாது. இடைவெளி வழியே முற்றம் தெரியும். மட்டையின் ஓரத்துக் கூரான பல்லான கருக்கைச் சீவாமல் கட்டினால் பிள்ளைகளின் கையைக் கிழித்துவிடும்.

சரி, இவை மூன்றும் மேலே கட்டுவது. சண்டை வருவது கதியாலில், அதாவது வேலியைத் தாங்க நட்டுத் துளிர்க்கவிடும் உயிர்த்தடியில். பூவரசு சீக்கிரம் பிடிக்கும், குழையும் (இலையோடு கூடிய கிளை) நிறையத் தரும். ஆனால் அடி பருத்துப் பருத்து இரு பக்கமும் நிலத்தைத் தின்னும். முருங்கை போட்டால் காய் இரண்டு வீட்டுக்கும், மயிர்க்கொட்டி எனும் கம்பளிப்பூச்சியும் இரண்டு வீட்டுக்கும். நான் கிளுவையைத்தான் சொல்வேன்: ஒல்லியாக நிற்கும், குழையை ஆடு விரும்பித் தின்னும். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் வேர் விட்டுவிடும்.

பட்டுப்போன கதியாலை மாற்றும்போது மட்டும் இரு வீட்டாரும் நின்று நூல் பிடியுங்கள். அப்பா ஒருமுறை பக்கத்து வீட்டு மாமி ஊரில் இல்லாத நேரம் 4 கதியாலை மாற்றினார். நேர்மையாகத்தான் நட்டார். ஆனாலும் மாமி வந்து பார்த்துவிட்டு, இரு வீட்டாரும் போய்வர வேலியில் விட்டிருந்த பொட்டை, அதாவது சிறு திறப்பை, அடைத்தார். 2 வருடம் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பேச்சில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட நான் ஒழுங்கையால், அதாவது தெருச் சந்தால், சுற்றிப் போனேன்.

இப்போது எங்கள் வளவில் கிணற்றடிக்குப் பனையோலை, மற்றப் பக்கங்களுக்கு மட்டை, எல்லாவற்றுக்கும் கிளுவைக் கதியால். பொட்டு எங்கே வேண்டும் என்று வரிச்சுக் கட்டும் முன்னரே மாமியிடம் கேட்டுவிட்டோம். பிறகு வரிச்சை வெட்டினால் அந்த வரிசையே தளர்ந்துவிடும். குசினிக்கு (சமையலறைக்கு) நேரே விடச் சொன்னார்.