உள்ளுணர்வா, உத்தியா?

கணக்கில் தேற எதை வளர்த்துக்கொள்வது என்று குழம்புபவர்களுக்கு இது. கணிதச் சிந்தனையை உள்ளுணர்வு (யோசிக்காமலே தோன்றுவது), உத்தி (படிப்படியாக யோசித்து வழி காண்பது) என்று இரண்டாகப் பிரித்தவர் கணினி அறிவியல் முன்னோடி ஆலன் டூரிங், 1938-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில்.

வேகம்: உள்ளுணர்வு சட்டென்று விடை சொல்லும். உத்தி தாளும் பென்சிலும் கேட்கும்.

நம்பகம்: இங்கேதான் விஷயம். சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிடுங்கள். மிச்சம் 62. இரண்டு கட்டம் அடைக்கும் 31 வில்லைகளால் அதை மூட முடியுமா? ‘தாராளமாக’ என்கிறது உள்ளுணர்வு (நானும் ஏமாந்தேன்). உத்தி நிறத்தைப் பார்க்கிறது: வெட்டிய இரண்டும் ஒரே நிறம், ஆக ஒரு நிறம் 32, மற்றது 30. ஒரு வில்லை நிறத்துக்கு ஒரு கட்டம்தான் மூடும். முடியாது, அவ்வளவுதான்.

கற்பது: உத்தியைச் சொல்லித்தரலாம். உள்ளுணர்வு நிறையக் கணக்குப் போட்டால்தான் வரும்.

சரி, எது யாருக்கு? தேர்வு எழுதுபவருக்கு உத்தி. புதிதாக ஒன்றைத் தேடுபவருக்கு முதலில் உள்ளுணர்வு, அப்புறம் நிரூபணம். பகா எண்கள் விஷயத்தில் ராமானுஜனின் உள்ளுணர்வே சறுக்கியிருக்கிறது.