எலி மூளைய கண்ணாடியாக்க எந்த மருந்து தேவலாம்?

வெட்டாமலே மைக்ராஸ்கோப்ல உள்ள வரைக்கும் பாக்கத்தான் இந்த கண்ணாடியாக்கற வேலை. திசு வெள்ளையா மங்கலா தெரியறதுக்கு முக்கிய காரணம் ஒளி சிதறல். தண்ணியோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்த எவ்வளவு வளைக்கும்ங்கற அளவு) 1.33, கொழுப்பு, புரதமெல்லாம் 1.45-க்கு மேல, ரெண்டும் பக்கத்து பக்கத்துல கலந்து கிடக்கறதால உள்ள போற வெளிச்சம் கண்டபடி திரும்பிடுது. நம்ம சேலத்து ஜவ்வரிசி வேகறப்ப வெள்ளை போய் பளிங்காகுதே, அங்கயும் இதே கதைதான், உள்ள இருக்கற வித்தியாசம் போய் ஒரே சீரா ஆகிடுது.

திசுவயும் இப்படி சீராக்கணும்னா தண்ணி இருக்கற எடத்துல புரதத்தோட எண்ணுக்கு நெருக்கமான திரவத்த நெரப்பணும், சின்ன லேப்னா என் ஓட்டு எத்தில் சின்னமேட்டுக்குத்தான். ஆல்கஹால்ல 30, 50, 70, 100னு படிப்படியா தண்ணிய எடுத்துட்டு இதுல போட்டா ஓரத்துலேர்ந்து தெளிய ஆரம்பிக்கும், மையலின்ங்கற நரம்பு உறையோட கொழுப்பு மண்டிக்கிடக்கற நரம்புப் பட்டைங்க மட்டும் கடைசி வரைக்கும் வெள்ளையா அடம்பிடிக்கும். உணவு வாசனைக்குச் சேக்கற சரக்குங்கறதால பயமில்ல. டைபென்சைல் ஈதரும் இதே வேலைதான் செய்யுது, ஆனா பிளாஸ்டிக்க அரிக்கும், பெராக்சைடு சேந்துட்டா ஜிஎஃப்பி, அதாவது செல்ல அடையாளம் காட்ட வெக்கற பச்சையா ஒளிர்ற புரதத்தோட வெளிச்சத்தையும் கொன்னுடும். சின்னமேட்ட ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதீங்க, உறைஞ்சுடும், ஏற்காட்டு மார்கழி குளிரெல்லாம் அதுக்கு பத்தாது. ரெண்டுலயுமே திசு சுருங்கும், அத ஏத்துக்கத்தான் வேணும்.

2013-ல ஸ்டான்ஃபோர்ட்ல டைசராத் குழு கொண்டுவந்த கிளாரிட்டிங்கற முறை கெத்துதான், அக்ரிலமைடு ஜெல்ல திசுவ பூட்டிட்டு எஸ்டிஎஸ்ங்கற சோப்பு மாதிரி சரக்க வெச்சு கொழுப்ப உருவிடுவாங்க. ஆனா கரண்ட் பாய்ச்சி செய்யணும், இல்லாட்டி வாரக்கணக்குல ஊறணும், கரண்ட் கட் ஆகற ஊர்ல எதுக்குங்க இந்த வம்பு.

ஜிஎஃப்பி பத்திரமா இருக்கணும், கொழுப்பும் போகக்கூடாதுன்னா சீடிபி முறை, பெரும்பாலும் ஃபிரக்டோஸ் (பழச்சர்க்கரை) கரைசல்தான், ஆழம் கொஞ்சம் கம்மி. ரத்தம் கட்டின ஈரலுக்கு கியூபிக்ங்கற கரைசல், அதுல இருக்கற அமினோ ஆல்கஹால் ரத்தத்தோட சிவப்புக்கு காரணமான ஹீம் நிறத்தையும் கழட்டிடும்.

2024-ல உயிரோட இருக்கற எலி தோல்லயே டார்ட்ரசின் தடவி உள்ள பாத்தாங்க, ஆமா, நம்ம லட்டுல போடற அதே மஞ்சள் கலர்தான். அது நீலத்த உறிஞ்சறதால சிவப்பு பக்கம் தண்ணியோட ஒளிவிலகல் எண் ஏறுது, கழுவினா தோல் பழையபடி ஆகிடும். நீல வெளிச்சத்த அதுவே முழுங்கறதால சாதாரண ஜிஎஃப்பி வேலைக்கு ஆகாது. கைல தடவிப்பாக்கற வேலையெல்லாம் வேணாம் சாமி.

ஏற்காடு காபி இலைய பாக்கறவங்களுக்கு மேல சொன்ன எதுவும் வேணாம், கிளியர்சீங்கற கரைசல் போதும், சைலிட்டால், யூரியா, டீஆக்சிகோலேட் மூணையும் கலந்தா பச்சையம் இறங்கிடும்.