ஒரு தீவு, மூன்று வைத்தியம்: போகன்வில்

ஒரே தீவில், ஒரே சண்டைக்கு, மூன்று வருடச் சொச்சத்தில் மூன்று வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். படையா, பேச்சா என்ற வாதம் வரும்போதெல்லாம் எனக்குப் பப்புவா நியூ கினியின் போகன்வில்தான் நினைவுக்கு வரும்.

பங்குனா செப்புச் சுரங்கம் நிலத்தையும் ஆற்றையும் கெடுத்துவிட்டது, பங்கும் ஒழுங்காக வரவில்லை என்று 1988-ல் நிலத்துக்காரர்கள் கிளம்பினார்கள். மறுவருடம் சுரங்கம் மூடப்பட்டது. அப்புறம் அரசின் முற்றுகை. மருந்துகூடத் தீவுக்குள் போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

முதல் வைத்தியம், ஆயுதத்தோடு அமைதிப்படை. 1994 அக்டோபரில் அராவாவில் நடந்த அமைதி மாநாட்டுக்குத் தென் பசிபிக் நாடுகளின் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். கிளர்ச்சிப்படையின் பெரிய தலைவர்கள் வரவேயில்லை. படை மூட்டையைக் கட்டியது.

இரண்டாவது, கூலிப்படை. 1997 தொடக்கத்தில் பிரதமர் ஜூலியஸ் சான் 3.6 கோடி டாலருக்கு சாண்ட்லைன் நிறுவனத்தை அமர்த்தினார். சொந்த ராணுவத் தளபதி ஜெர்ரி சிங்கிரோக்கே எதிர்த்து நின்று அவர்களைப் பிடித்துவைத்தார். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் தெருக்களில் மக்கள் திரண்டார்கள், சான் ஒதுங்கினார். அந்தக் கூலிப்படை போகன்வில்லில் கால்கூட வைக்கவில்லை!

மூன்றாவதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே வருடம் ஜூலையில் நியூசிலாந்து தன்னுடைய பர்ன்ஹாம் ராணுவ முகாமில் இடம் கொடுத்தது. முதலில் கூடியவர்கள் போகன்வில்காரர்கள் மட்டும்தான், ஏனென்றால் அவர்களுக்குள்ளேயும் ரத்தப்பகை இருந்தது. அரசோடு பேச்சு அக்டோபரில்தான். டிசம்பரில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு வந்து இறங்கியது: மஞ்சள் சட்டை, தொப்பி, சிலர் கையில் கிட்டார். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தாய்வழியாக நிலம் இறங்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை; காட்டுக்குள் போய், சண்டையிலிருந்த பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டவர்களே அந்த ஊர்த் தாய்மார்கள்தானே.

ஆயுதமில்லாமல் வந்தவனைக் காப்பது ஊர்க்காரர் பொறுப்பாகிவிடுகிறது. துப்பாக்கியோடு நின்றால் அவன் இன்னொரு படை, அவ்வளவுதான். ஃபிஜியும் வனுவாட்டுவும் 1994-லும் வந்தன, 1997-லும் வந்தன. ஆனால் வித்தியாசம் துப்பாக்கி மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். 1994-ல் எல்லாம் அவசரக்கோலம். 1997-க்குள் எல்லாருமே சண்டையில் களைத்துப் போயிருந்தார்கள், சாண்ட்லைன் கூத்து தலைநகரின் மனதையும் மாற்றியிருந்தது. களைப்பில்லாத இடத்தில் மஞ்சள் சட்டை எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி.

குறைகளும் உண்டு. கிளர்ச்சித் தலைவர் பிரான்சிஸ் ஓனா கடைசிவரை உடன்பாட்டுக்கு வெளியேதான் இருந்தார். ஆயுதங்களை ஒப்படைக்க வருடங்கள் ஆயின. இருந்தும் 2001-ல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது, 2003 வரை கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். அந்த ஒப்பந்தம் சொன்ன வாக்கெடுப்பு 2019-ல் நடந்தது, 97 சதவீதத்துக்கு மேல் தனிநாடு கேட்டார்கள். ஒப்பந்தப்படி அந்த முடிவு தானாகச் சட்டமாகாது, போர்ட் மோர்ஸ்பி நாடாளுமன்றத்தின் கைக்குத்தான் போக வேண்டும். ஆக, வாக்கு எண்ணி முடித்ததும் மறுபடி பேச்சுவார்த்தை மேசைதான்.