பேரிங் கடை கவுன்ட்டரா, ஆன்லைன் சப்ளை கம்பெனியா: இரண்டிலும் வேலை பார்த்தவன் சொல்வது

கோயம்புத்தூரில் பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல், போல்ட் நட்டு விற்கிற ஒரு டீலர் கடையில் ஐந்து வருடம் கவுன்ட்டரில் நின்றேன். அப்புறம் இதே சாமான்களை ஆலைகளுக்கு ஆன்லைனில் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றின் சென்னை ஆபீசில் இரண்டு வருடம். போன ஆடி கழிந்ததும் பழைய கடைக்கே திரும்பிவிட்டேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன்கள் இரண்டில் எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நான் கடைப் பக்கம் சாய்ந்தவன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சம்பளம், லீவு இதெல்லாம் சட்டென்று முடிந்துவிடும். கடையை விட்டபோது எனக்கு 17,000, சென்னையில் 28,000. அங்கே சனி ஞாயிறு லீவு, ஏசி, இன்சூரன்ஸ், மாதம் தவறாமல் பி.எஃப். கடையில் காலை ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்கினால் ராத்திரி எட்டரைக்குத்தான் இறக்குவோம், ஞாயிறு மட்டும் லீவு. 20 பேருக்குக் குறைவாக இருக்கும் கடைக்கு பி.எஃப். கட்டாயமில்லை, நாங்கள் ஒன்பது பேர், அதனால் கிடையாது. சென்னை வாடகையைக் கழித்தால் வித்தியாசம் சுருங்கும், ஆனாலும் கணக்கில் ஆன்லைன் கம்பெனிதான் மேல்.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்த விஷயம் ஒன்றே ஒன்று, சாமான் கையில் படுகிறதா இல்லையா என்பது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பார்ட் நம்பரோடு வரமாட்டார்கள், உடைந்த சாமானைப் பழைய துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். நான் சேர்ந்த முதல் மாதம், கணபதி பக்கம் ஒரு ஃபவுண்டரியிலிருந்து (மணல் அச்சில் இரும்பு வார்க்கிற பட்டறை) ஒருவர் கிரீஸ் கறுத்துப் போன பேரிங் ஒன்றைக் கொண்டுவந்தார். நம்பர் முழுக்கத் தேய்ந்திருந்தது. எங்கள் கடையில் மூத்தவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம், அதை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்து, விட்டம் அளக்கிற வெர்னியரை நீட்டினார். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. "6205" என்றார். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 05 என்றால் 25. அதே 25 மில்லி துளையில் வெளிவிட்டம் 62, அகலம் 17 இருந்தால் அது 6305. (இந்த ஐந்து கணக்கு 04-லிருந்துதான் செல்லும், அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று மனப்பாடம் செய்ய வேண்டும்.)

நான் உடனே ரேக்கிலிருந்து ஒரு 6205 எடுக்கப் போனேன். அண்ணா தடுத்து, வந்தவரிடம் "எதுலீங்க ஓடுது?" என்றார்.

"மோட்டார்லீங்க. கை வெக்க முடியாத அளவுக்குச் சூடாகுது."

"மணல் பறக்கற எடமா?"

"ஆமாங்க, மோல்டிங் பக்கத்துலயே இருக்குது."

ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ், அதிலும் சி3 எடுத்துக் கொடுத்தார். சூட்டில் உள்வளையம் விரியும், அதனால் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அதுதான் சி3. தகரத் தடுப்பு போட்ட இசட்இசட் என்றால் மணல் உள்ளே போய்விடும். இவ்வளவும் இரண்டு கேள்வியில் முடிந்தது. நான் முதலில் எடுக்கப் போன பேரிங்கும் அளவில் சரியாகப் பொருந்தியிருக்கும், ஆனால் சீக்கிரமே திரும்ப வந்திருப்பார்.

சென்னையில் இந்த இரண்டு கேள்வி கேட்க எனக்கு இடமே இல்லை. பர்ச்சேஸ் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் '6205 பேரிங், 40 எண்ணம்' என்று அனுப்புவார், அவரும் அந்த மோட்டாரைப் பார்த்திருக்க மாட்டார். திரையில் விலை வரிசையில் வருவதில் குறைந்ததைப் போட்டு, கொட்டேஷன் அனுப்பி, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வாங்கினால் என் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கொட்டேஷன் என்று டார்கெட். சாமான் எங்கோ ஒரு குடோனிலிருந்தோ நேரடியாகச் சப்ளையரிடமிருந்தோ போய்விடும். இரண்டு வருடத்தில் நான் விற்ற ஒரு சாமானைக்கூடத் தொட்டதில்லை.

ஓசூர் பக்கம் ஓர் ஆலை 35x52x7 ஆயில் சீல் கேட்டிருந்தது, போனது 35x52x10. மூன்று மில்லிதானே என்று தோன்றும், ஆனால் சீல் ஹவுசிங்கில் உட்காராமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மெயின்டனன்ஸ் ஆள் போட்டோ அனுப்பினார், போனில் கத்தினார். கடையாக இருந்தால் ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்திருப்பான். எனக்குக் கம்ப்யூட்டரில் புகார் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அந்த மனிதரின் போனை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வேலையை விட்டு வெளியே வரும்போது என்ன எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பது இதில்தான் இருக்கிறது. பழைய மில் மெஷின்களில் விட்வொர்த் மரை (பழைய பிரிட்டிஷ் அளவு) இருக்கும். அரை இன்ச் விட்வொர்த்தில் இன்ச்சுக்கு 12 மரை, அமெரிக்க அளவான யுஎன்சி-யில் 13. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், நட்டு இரண்டு சுற்று போய் இறுகும்போதுதான் தெரியும், அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். அந்த இறுக்கத்தை விரலில் உணர்ந்தவனுக்கு எந்த ஊர்க் கடையிலும், எந்த ஆலையின் ஸ்டோர்ஸிலும் வேலை உண்டு, நாளைக்குச் சொந்தமாகக் கடை போடலாம். ஆன்லைன் கம்பெனியில் நான் கற்ற சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனியோடு சரி. எக்செல் நன்றாக வந்தது, அதை மறுக்க மாட்டேன், இப்போது கடை ஸ்டாக்கை அதில்தான் வைத்திருக்கிறேன்.

கடையின் பெரிய கஷ்டம் வசூல். கவுன்ட்டர் ஆள் என்று சேர்ந்தாலும் சனிக்கிழமையானால் பில் கட்டோடு அனுப்பிவிடுவார்கள். ஒரு வொர்க்‌ஷாப்பில் மூன்று மாதப் பாக்கிக்கு ஆறு தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் டீ வரும், செக் வராது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கிறவர்களை 2021-இல் உத்யம் பதிவில் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சேர்த்தாலும், வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் சேர்த்தார்கள். ஆக, முதலாளியின் பணம் நம் கால் நடையில்தான் திரும்பி வர வேண்டும். ஆன்லைன் கம்பெனியில் வசூலுக்குத் தனி ஆட்கள், என் தலையில் அது விழவே இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆலை ஸ்டோர்ஸ் வேலையையும் சிலர் கேட்கிறார்கள். நடுவில் மூன்று மாதம்தான் ஓர் ஆலை ஸ்டோர்ஸில் இருந்தேன், ஒரே மாதிரி மெஷின், ஒரே மாதிரி சாமான் என்று தோன்றியது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் அனுபவத்தில் இருப்பது ஒரு கடை, ஒரு கம்பெனி, அவ்வளவே. எல்லாக் கடையிலும் எங்கள் அண்ணா மாதிரி வெர்னியரை நீட்டுகிற ஆள் இருக்கமாட்டார், வெறும் பார்சல் கட்ட வைக்கிற கடைகளும் உண்டு.

வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் என்று மாதச் சம்பளம் பெரிதாக வேண்டியிருந்தால் ஆன்லைன் கம்பெனிக்கே போங்கள், தப்பே இல்லை. இன்டர்வியூவில் மட்டும் முதல் மாதம் குடோனில் விடுவீர்களா என்று கேளுங்கள். கடைக்குப் போகிறவர்கள் சேரும் முன் ஒரு சாயங்காலம் கவுன்ட்டருக்கு வெளியே சும்மா நின்று, உடைந்த சாமானோடு வருகிறவரிடம் உள்ளே இருப்பவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "எதுல ஓடுது?" என்று கேட்டால் அங்கே சேரலாம்.